காலி அலமாரியைப் படம் எடுத்தவன்

எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் காலை வேளைகளில் பூங்கொத்துப் படங்களும் வணக்கங்களும் வந்து குவியும். ரவாங்கிற்குக் குடிவந்து பதினாறு வருடமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. அவர் தினமும் அனுப்பும் ரோஜாப்பூவின் நிறம் மட்டும் தெரியும். சென்ற வாரம் அந்தப் பூக்களுக்கு நடுவே ஒரு நாளிதழ்ச் செய்தியின் படம் வந்து விழுந்தது. ஏதோ ஒரு சிறுநகரத்து நூலகம். வரிசையாக நாற்காலிகள், ஒருவர்கூட இல்லை. மேலே கொட்டை எழுத்தில் ‘வாசிப்பை மறந்த சமுதாயம்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே அழும் முகங்கள் வரிசை கட்டி நின்றன. ஒருவர், நம் ஆட்கள் திருந்தவே மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், எல்லாம் இந்தக் கைபேசியால் வந்த கேடு என்று கைபேசியிலிருந்தே அனுப்பியிருந்தார்.

நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்க தோஷம். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, மணி பத்தேகால். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலைப் பார்த்தாலும் காலை நேரம்தான். வேலைநாளில் காலை பத்தேகால் மணிக்குத் தொழிற்சாலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் நூலகத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. இது படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் எடுத்திருப்பார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால் நானும் அந்தப் பிழைப்பைப் பிழைத்தவன்.

கோபம் வரவில்லை. இந்த வயதில் கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டேன்.

கைபேசியில் வரும் செய்திக்கு வாசம் கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் காலத்துச் செய்தி, மையும் எண்ணெயும் கலந்த வாசத்தோடு இருக்கும். கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை. அங்கே பொரித்த வாழைப்பழத்தை முந்தாநாள் நாளிதழில் சுற்றிக் கொடுப்பார்கள். அப்படி ஒருநாள் பிரித்தபோது, என் பெயரோடு வந்த செய்தி எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பின்பக்கத்து இரங்கல் விளம்பரம் அதன் வழியே தெரிந்தது. எழுதியதற்கு ஏதோ ஒரு பயன் இருந்ததே என்று சமாதானம் செய்துகொண்டு வாழைப்பழத்தைத் தின்றேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டார நிருபர். ஓர் ஓட்டை மோட்டார் சைக்கிள், தோளில் ஒரு கேமரா, சட்டைப் பையில் இரண்டு பேனா. தஞ்சோங் காராங், ஜெராம், ஈஜோக் என்று சுற்றிலும் இருந்த தோட்டங்கள் எல்லாம் என் ராஜ்ஜியம். எழுதிய தாள்களையும் படச்சுருளையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோலாலம்பூர் புறப்படும் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே அலுவலகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அந்தப் பேருந்தை விட்டால் அன்றைய செய்தி அவ்வளவுதான்.

ஆகவே என் வட்டாரத்தில் எல்லாச் சம்பவங்களும் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே நடந்தாக வேண்டும். மாலையில் நடந்த பரிசளிப்பை மறுநாள் காலையில் மறுபடி நடத்தச் சொல்வேன். பரிசு வாங்கியவர்கள் திரும்பவும் தலைசீவி வந்து, வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் வாங்கிக்கொள்வார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. பேப்பரில் வருவதென்றால் சும்மாவா?

என் கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயர் ‘அவலம்’. ஒட்டுக்கடையில் நான் நுழைந்தால், “அவலம் வந்துட்டான், தண்ணி சொல்லுங்கலா” என்று தேநீர் வரவழைப்பார்கள். நான் எழுதிய செய்திகளில் பாதிக்கு மேல் அந்தச் சொல் தலைப்பில் இருந்ததால் வந்த வினை. சுடுகாட்டுப் பாதை அவலம், குடிநீர்க் குழாய் அவலம், பாலர் பள்ளி அவலம். குற்றம் முழுக்க என்னுடையது என்று சொல்ல மாட்டேன். பக்க ஆசிரியர் என்று ஒருவர் தலைநகரில் இருந்தார். தலைப்பைப் படித்ததும் படிப்பவனுக்குக் கண் கலங்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். செய்தியின் கடைசி வரி கேள்வியாக முடிய வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். சமுதாயம் விழித்துக்கொள்ளுமா? சம்பந்தப்பட்டவர்கள் செவிசாய்ப்பார்களா? யாரும் பதில் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

நூலகம் என்றால் எங்கள் பேப்பரில் இரண்டே வகைச் செய்திகள்தான் வரும். ஒன்று திறப்பு விழா. ஒய்.பி., அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், நாடாவை வெட்டுவார், அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிப் படிப்பதுபோல் நிற்பார். அவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த படம் ஒன்றை நானே எடுத்திருக்கிறேன், அது அப்படியே அச்சிலும் வந்தது. மற்றது ஒப்பாரி. பூட்டிய கதவு, கரையான், தூசி, கேட்பாரற்றுக் கிடக்கும் அறிவுக் களஞ்சியம். திறந்த நாளுக்கும் பாழான நாளுக்கும் நடுவே எத்தனையோ வருடங்கள் இருக்குமே, அப்போது அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. கல்யாணமும் கருமாதியும் மட்டும் செய்தி, குடித்தனம் செய்தியில்லை என்கிற மாதிரி. இதையெல்லாம் இன்று எளிதாகச் சொல்கிறேன். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

பாக்கியம் அக்காவை நான் முதலில் பார்த்தது ஐந்தாம் கட்டையில், அதாவது ஐந்தாவது மைல்கல்லில், இருந்த ஒரு தோட்டத்துத் திருவிழாவில். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அதன் மனிதர்கள் இன்னும் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறார்கள். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் வேலை. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு. அதற்குப் பிறகு குளித்துவிட்டு நூலகத்தைத் திறப்பார். தோட்டத்து இளைஞர் மன்றம் ஆரம்பித்த நூலகம் அது. மன்றத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியூர் வேலைக்குப் போய்விட, சாவி அவரிடம் தங்கிவிட்டது. ஆறாம் வகுப்புவரை படித்தவர். நூலகர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று கூட்டத்தில் என் கேமராவைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். நூலகத்தின் தகரக் கூரை ஓட்டையாகிவிட்டது, மூன்று முறை ஆபீசில் சொல்லியும் ஆகவில்லை, பேப்பரில் எழுதினால் பயந்து மாற்றிக் கொடுப்பார்கள் என்றார். வருகிறேன் என்றேன். அடுத்த வாரமே போனேன், வழக்கம்போல் காலை பத்து மணிக்கு. அவர் மேஸ்திரியான மண்டோரிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, வேலைக் கோலத்திலேயே ஓடி வந்திருந்தார். கால்சட்டைமேல் பாவாடை, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. கையெல்லாம் செம்பனையின் ஆரஞ்சுச் சாயம்.

ஆயாக்கொட்டகையாக இருந்த கட்டடம் அது. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். உத்திரத்தில் தொட்டில் கட்டிய கொக்கிகள் அப்படியே இருந்தன. மூலையில் இரண்டு வாளிகள், அவற்றில் மேலிருந்து ஒழுகிய தண்ணீர். நான்கு அலமாரிகள். நான்கும் காலி. ஒரு புத்தகம்கூட இல்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நிருபருக்குக் காலி அலமாரி கிடைப்பது எளிதல்ல. புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன்.

“மழ மாசம்ல தம்பி. எல்லாம் வீட்டுல இருக்கு. வீட்டுக்குப் பத்து, பன்னெண்டுன்னு பிரிச்சுக் குடுத்துட்டேன். மழ விட்டா எல்லாம் வந்துரும்.”

விஷயம் இதுதான். கூரை ஒழுக ஆரம்பித்ததிலிருந்து, வருடக் கடைசியில் மழை பிடிக்கும்போது பாக்கியம் அக்கா நூலகத்தையே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குள் பிரித்து அனுப்பிவிடுவார். எந்த வீட்டில் கூரை நன்றாக இருக்கிறதோ, எந்த வீட்டில் புத்தகத்தை அடுப்புப் பக்கம் வைக்க மாட்டார்களோ, அந்த வீடுகளாகப் பார்த்துக் கொடுப்பார். அந்த மாதங்களில் வேலையும் அடிக்கடி நின்றுபோகும். மழைக்கு ஒதுங்கி வீட்டிலிருப்பவர்கள் தங்கள் பங்கைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுப் பங்கோடு மாற்றிக்கொள்வார்கள். வெயில் காலத்தைவிட மழை மாதத்தில்தான் அந்தத் தோட்டம் அதிகம் படித்தது. இதையும் அவர்தான் சொன்னார். நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவரை அலமாரிப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவர் சிரித்தார். அதுவரை யாரும் அவரைத் தனியாக நிறுத்திப் படம் எடுத்ததில்லையாம். “சிரிக்காதீங்கக்கா, கொஞ்சம் கீழ பாருங்க” என்றேன். கூரை வேண்டுமென்றால் சிரிக்கக் கூடாது என்று விளக்கமும் சொன்னேன். சொன்னபடி கேட்டார். இரண்டாவது படத்தில் முகம் சரியாக வந்தது.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினேன். புத்தகங்கள் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன என்ற வரி குறிப்பேட்டில் என்னைப் பார்த்தபடி இருந்தது. அதை எழுதினால் மீதிச் செய்தி நிற்காது. பத்திரமாக இருக்கும் புத்தகத்துக்காக யார் அழுவார்கள்? ஒய்.பி. எதற்கு வருவார்? கூரை சீக்கிரம் கிடைக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில்தான் விட்டேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. நல்ல செய்தி கெட்டுவிடுமே என்பது மறுபாதி. ‘புத்தகமும் இல்லை, வாசகரும் இல்லை’ என்று தலைப்பும் நானே போட்டேன். பக்க ஆசிரியர் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இரண்டு நாளில் வந்தது. அரைப் பக்கம், பெரிய படம், என் பெயர். காலி அலமாரியைப் பார்த்து வேதனையுடன் நிற்கும் பாக்கியம் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி. ஒட்டுக்கடையில் அன்று எனக்குத் தண்ணி இலவசம். அடுத்த வாரம் ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்தன. எங்கிருந்தோ ஒரு தலைமையாசிரியர், தோட்டத்து மக்களுக்குப் படிப்பின் அருமை தெரிவதில்லை என்று வருந்தியிருந்தார். ஒரு வாசகர் மதுவைக் காரணம் காட்டினார், இன்னொருவர் வீடியோ கேசட்டைக் காட்டினார். ஒரு கூட்டத்தில் யாரோ பேசும்போது என் செய்தியைச் சுட்டிக்காட்டித் தலைகுனிவு என்று சொன்னதாக அந்தக் கூட்டத்துச் செய்தி வந்தது. இவர்களில் ஒருவராவது ஐந்தாம் கட்டையை எட்டிப் பார்த்ததில்லை. கூரையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இருந்தாலும் நான் ஒவ்வொன்றையும் கத்தரித்து ஒட்டி வைத்தேன்.

மூன்றாவது வாரம் பாக்கியம் அக்கா பேருந்து ஏறிக் கோல சிலாங்கூருக்கு வந்தார். நான் ஒட்டுக்கடையில் இருப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல சேலை கட்டி, பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கடிதத்தை மடித்துக் கொண்டுவந்திருந்தார். தோட்ட நிர்வாகம் மலாயில் எழுதிய கடிதம். அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்துவோர் இல்லையென்று தெரியவருவதால் மாதக் கடைசிக்குள் அதை ஒப்படைக்க வேண்டும், அங்கே உரமூட்டைகள் அடுக்கப்படும் என்று இருந்தது. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என் செய்தியைத் தோட்ட நிர்வாகியான துரைக்குப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னாராம். துரைக்குத் தமிழ் தெரியாது. கிராணியும் பாவம், உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறார்.

நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் கூரையத்தானே தம்பி சொன்னேன்” என்றார். கடிதத்தைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தபடி, “அதே பேப்பர்ல, நாங்க படிக்கிறோம்னு ஒண்ணு போட்டுருங்க. அது போதும். கிராணி அதையும் தொரைக்குப் படிச்சுச் சொல்லுவாரு” என்றார்.

அன்றே போனேன், மதியத்துக்கு மேல். நிருபராகி இரண்டு வருடத்தில் சாயங்கால நேரத்தில் ஒரு தோட்டத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மழை நின்று லயத்து வாசல்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கியம் அக்கா என்னை வீடு வீடாக அழைத்துப் போனார். சாமி படத்துக்குப் பின்னால் புத்தகம். அரிசி டின்னுக்குள் புத்தகம். தையல் மெஷின் மூடிமேல், தலையணைக்கு அடியில், சட்டை மாட்டும் ஆணியில் பையோடு தொங்கியபடி புத்தகம். உரமூட்டைத் தாளில் அட்டை போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் மண்ணெண்ணெயும் ரசமும் கலந்த ஒரு வாசம். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. மாத நாவல்கள், பழைய வார இதழ்களைத் தைத்த தொகுப்புகள், சமையல், பக்தி, ஜாதகம். ஒரு பெண்மணி கோழி வளர்ப்புப் புத்தகத்தை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் கோழி இல்லை.

நான்காவது லயத்தில் மாரியப்பன் என்று ஒருவர், லோரியில் பழம் ஏற்றுபவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களை வழிமறித்தார். அவர் படித்த துப்பறியும் நாவலில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தூக்கம் போய்விட்டதாம். அவருக்கு டாக்டர்மேல் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலைக்காரிமேல். குழாயடியில் இதை வைத்து மூன்று கட்சி பிரிந்து, ஒருநாள் வாளியைத் தூக்கி அடிக்கப் போய்விட்டார்களாம். “சார், நீங்க பேப்பர்காரரு, எழுதுனவருக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க சார்” என்றார். விளையாட்டில்லை, மனிதர் உண்மையாகவே கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பாக்கியம் அக்காவும் சிரித்தார். கேமராவில் சுருள் தீர்ந்திருந்தது. மதியப் பேருந்துக்குப் பிறகு நான் சுருள் வைத்திருப்பதில்லை.

அந்தச் செய்தியை நிதானமாக உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ‘அவலம்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, கடைசி வரி கேள்வியும் இல்லை. முதல் செய்தியில் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது, அது என் தவறு என்றும் எழுதியிருந்தேன். மறுநாள் பேருந்தில் அனுப்பினேன். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் ஒட்டுக்கடைத் தொலைபேசியில் பக்க ஆசிரியரைப் பிடித்தேன். நல்ல மனிதர், என்மேல் பிரியம் உள்ளவர். பொறுமையாகத்தான் சொன்னார்.

“தோட்டத்துல நாலு பேரு புஸ்தகம் படிக்கிறாங்கன்றது செய்தியாப்பா? நாமளே போன மாசம் யாருமில்லன்னு போட்டோம். இப்ப இருக்காங்கன்னு போட்டா நம்ம பேரு என்னாவறது? அத மூடுனா சொல்லு, போடலாம்.”

நான் போனை வைத்தேன். நேரில் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். வேலையை விட்டுவிடுவேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வேறொரு பேப்பருக்குக் கொடுத்திருக்கலாம். இப்போது வரிசையாகத் தோன்றுகிறது. அன்று தோன்றியதெல்லாம், பாக்கியம் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது மட்டும்தான். அவர் தினமும் பேப்பர் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தேடுவதாக, வழியில் பார்த்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஐந்தாம் கட்டைப் பக்கமே போகவில்லை. ஈஜோக் போக வேண்டுமென்றால்கூடச் சுற்றுவழியில் போனேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க வழியில்லை.

மாதக் கடைசியில் நூலகத்தைப் பூட்டி உரமூட்டை அடுக்கினார்கள். அந்தச் செய்தியை நான் கொடுக்கவில்லை. யார் மூலமோ போய்விட்டது, நான்கு வரியில் வந்தது. கூடவே நான் எடுத்த பழைய படம், அதற்கடியில் என் பெயர். மழை விட்டபோது புத்தகங்கள் திரும்பி வர இடமில்லை. அந்தந்த வீட்டில் இருந்தது இருந்தபடி நின்றுவிட்டன.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. தோட்டம் கைமாறியது, லயங்களை இடித்தார்கள், ஆட்கள் செரண்டா, பத்தாங் காலி, ரவாங் என்று தொழிற்சாலை இருந்த பக்கமாகச் சிதறினார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அரிசி டின்னுக்குள் இருந்ததை யார் மூட்டை கட்டியிருப்பார்கள்? நானும் சில வருடங்களில் நிருபர் வேலையை விட்டுவிட்டு ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தப் போனேன். அதில் யாருக்கும் கெடுதல் செய்ய முடியாது. மிஞ்சினால் மாப்பிள்ளையின் பெயரில் ஒரு கால் விட்டுப்போகும், அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்கள் பத்தாங் காலியில் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூடினார்கள். இப்போது எல்லாத் தோட்டத்தாரும் இப்படிச் செய்கிறார்கள். ஒரே நிற டீ சட்டை, பிரியாணி, பழைய பாட்டு. எனக்கும் அழைப்பு வந்தது, பழைய பேப்பர்காரர் என்ற மரியாதையில். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் போனேன்.

வாசலில் ஒரு நினைவு மலர் கொடுத்தார்கள். தோட்டத்தின் வரலாறு, பளபளக்கும் தாளில். ஏற்பாட்டாளர்கள் பழைய நாளிதழ்களையெல்லாம் தேடிப்பிடித்துத் தகவல் திரட்டியிருந்தார்கள், பெருமையாகச் சொன்னார்கள். கோயில், பள்ளிக்கூடம், பந்து விளையாட்டுக் குழு எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு பக்கம். நூலகத்துக்கு ஒரு கால் பக்கம். நான் எடுத்த படம். அதன் கீழே, இங்கே ஒரு நூலகமும் இருந்தது, மக்களிடம் வாசிப்புப் பழக்கம் இல்லாததால் மூடப்பட்டது என்று எழுதியிருந்தது.

எதிரே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மாரியப்பன். முடி நரைத்துக் கண்ணாடி போட்டிருந்தார், ஆனால் அடையாளம் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம ஆளுங்க எங்க சார் படிச்சாங்க. படிச்சிருந்தா இப்படியா இருப்போம்” என்றார். நான் துப்பறியும் நாவலைச் சொன்னேன். எட்டுப் பக்கத்தைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், குழாயடியில் தூக்கிய வாளியையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“அது வேற யாராச்சும் இருக்கும்லா சார்” என்றார்.

பாக்கியம் அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்தார். செரண்டாவில் மகள் வீட்டில் இருக்கிறாராம். முட்டிவலி, நடை குறைந்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியைக் காலி செய்யச் சொல்லி உட்கார வைத்தார். பழையதைக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. உடம்பு எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். மடியில் அந்த மலர் விரிந்திருந்தது, நூலகப் பக்கத்தில்தான்.

“யாருமே வரலன்னு அப்ப எனக்கு எவ்ளோ வருத்தம் இருந்திருக்கு பாருங்க தம்பி. மொகத்துலயே தெரியுது” என்றார்.

சுற்றிலும் பாட்டுச் சத்தம். நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன். வந்தார்கள் அக்கா, எல்லோரும் வந்தார்கள், வீட்டுக்கு வீடு புத்தகம் இருந்தது, நீங்கள்தான் என்னை அழைத்துப்போய்க் காட்டினீர்கள், நான்தான் அதை எழுதாமல் விட்டேன், இரண்டாவது தடவை எழுதினேன், அது வரவில்லை, வந்து உங்களிடம் சொல்லவும் பயந்து ஓடினேன். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். நோயாளியைத் தேற்றுவது போல.

“சும்மா எனக்காகச் சொல்லாதீங்க தம்பி. நீங்க பொய் எழுதுற ஆளா?”

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாரோ ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதை அவர் எனக்குத் தள்ளினார். ஒரு தோட்டம் முழுவதும் மழை மாதமெல்லாம் படித்தது என்பதை இன்று உயிரோடிருப்பவர்களில் நினைவு வைத்திருப்பவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். எங்கே போய்ச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார்கள். இருக்கிற ஒரே ஆதாரமான அந்தப் பழைய பேப்பர்ச் செய்தியில் நேர்மாறாக எழுதியிருக்கிறது, அதன் கீழே என் பெயரும் இருக்கிறது.